கீழ் அறைக்குக் குடிவந்த ஆட்டக்காரர்கள்

மனிதனை விலங்கிலிருந்து பிரித்துக் காட்டுவது சிந்தனை என்றும் சிரிப்பு என்றும் பலர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். உண்மையில் அது அட்டை சேகரிப்புதான். எந்த மாடும் இன்னொரு மாட்டின் படத்தை உறையில் போட்டுப் பாதுகாப்பதில்லை.

ஓஹையோவில், டொலீடோ நகரில், வீடுகளுக்குச் சூடேற்றும் இயந்திரம் விற்கிற நிறுவனத்தின் வட்டார மேலாளர் டெல்பர்ட் குருப்கி. இந்த மகத்தான உண்மையை அவர் ஐம்பத்திரண்டாவது வயதில் மறுபடி கண்டடைந்தார். அதற்கு உதவியது அவருடைய அம்மா வெர்னா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது. அம்மாவால் இனி மாடிப்படி ஏற முடியாது. தன் வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டின் கீழ் அறைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. பழைய வீட்டுப் பரணைக் காலி செய்யும்போதுதான், டெல்பர்ட் பள்ளி நாளில் வாங்கிக் குவித்த, பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. அம்மா ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

டெல்பர்ட் தேம்பி அழுதார். அம்மா விழுந்த அன்று அவருக்கு விற்பனைக் கூட்டம் இருந்ததால் அழ நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இது இரண்டுக்கும் சேர்த்து அழுதது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு அட்டைக் கடைக்குப் போனார். கடைக்காரர் ரஸ்டி மூடியைத் திறந்து பார்த்து, உடனே மூடினார்.

"சார், இதே மாதிரி ஒரு பெட்டியைத்தான் கதவுக்கு முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன், பாத்தீங்களா?"

"இது எல்லாம் புத்தம் புதுசா இருக்கு."

"அதான் சார் வில்லங்கமே. உங்க அப்பா காலத்துப் பசங்க படபடன்னு சத்தம் வரட்டும்னு அட்டையைச் சைக்கிள் சக்கரத்துல சொருகி ஓட்டினாங்க. மிச்சத்தை அம்மாமார் குப்பையில போட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம், அதனால விலை. உங்க வயசுக்காரங்க ஒருத்தர் விடாம பத்திரப்படுத்திட்டீங்க. நாடு பூரா இதே பெட்டிதான்."

"இதுக்கு விலை வரணும்னா?"

"மத்தவன் வீட்டு அட்டையெல்லாம் அழியணும். உங்களோடது மட்டும் ஓரம் மழுங்காம இருக்கணும்" என்று சொல்லி ரஸ்டி சிரித்தார்.

டெல்பர்ட் சிரிக்கவில்லை. அதை அவர் "நீண்டகாலத் திட்டம்" என்று எடுத்துக்கொண்டார். அன்றுமுதல் தென் மாநிலங்களில் வெள்ளம் என்று செய்தி வந்தால் அவர் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. எத்தனை பரண்கள் நனைந்திருக்கும்!

நனையாத, வெயிலும் படாத இடம் அவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கீழ் அறை. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் வாங்கி அங்கே வைத்தார். அம்மாவுக்கென்று வந்திருந்த கட்டிலைத் திருப்பி அனுப்பினார். இதையொட்டிச் சமையலறை மேசையில் ஓர் "உயர்மட்டக் கூட்டம்" நடந்தது.

"டெல், அது உங்கம்மா ரூம்" என்றார் மனைவி மார்லிஸ்.

"அம்மாவுக்கு எந்த ரூமும் ஒத்துக்கும். அட்டைக்கு ஒத்துக்காது."

"அட்டையை மாடியில வையேன். அதுக்கு என்ன, முட்டி வலிக்குமா?"

"மாடியில வெயில் அடிக்கும். வெளுத்துப் போயிடும்."

"அம்மா எங்க போவாங்க?"

"நல்ல முதியோர் இல்லமாப் பாத்து வச்சிருக்கேன். வெயில் நல்லா வருது."

"உனக்கு வெக்கமே இல்லையா, டெல்?"

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் ஏற்கப்படவில்லை. மார்லிஸ் வெளிநடப்பு செய்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

செய்தியைச் சொல்ல டெல்பர்ட் நேரிலேயே மருத்துவமனைக்குப் போனார். இந்தப் பண்பைப் பாராட்டத்தான் வேண்டும்; தொலைபேசியிலும் சொல்லியிருக்கலாம். வெர்னா பையைக் கட்டி வைத்து, கோட்டு மாட்டி, சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். மகன் சொன்னதை எல்லாம் கேட்டு முடித்தார்.

"அதே அட்டை ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்குன்னு கடைக்காரர் சொன்னாராமே. மார்லிஸ் போன் பண்ணா" என்றார்.

"இருக்கும்மா. அதான் இப்போ விலை இல்லை. நிறைய இருந்தா மதிப்பு கிடையாது. ஒண்ணே ஒண்ணுன்னு ஆகணும், அப்பத்தான் அதுக்கு மரியாதை."

வெர்னா கோட்டுப் பொத்தானை மெதுவாகக் கழற்றினார்.

"உனக்கு அம்மா எத்தனை பேருடா இருக்காங்க?"

டெல்பர்ட் கொஞ்சம் யோசித்தார். இப்போது அவர் இந்தத் துறையில் வல்லுநர். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணா இருந்தா மட்டும் போதாதும்மா" என்று அம்மாவின் இடுப்பைப் பார்த்தபடி, பொறுமையாக விளக்கினார். "உடையாமலும் இருக்கணும்."