பனிமலையில் புறப்பட்ட பரம்பரை

தியாகராய நகரில் நகைக்கடை வாசலைவிட நீளமான வரிசை ஒரு மாடிப்படியில் நின்றது. மேலே ‘ஆதிவழி அருளாளர்’ ராஜரத்தினம். ஆதிமனிதன் உலகெங்கும் பரவியபோது உங்கள் மூதாதை எந்த வழியாக நடந்தார் என்பதை, வரைபடத்தின்மேல் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டே சொல்லிவிடுவாராம்! காலையில் வைத்த மூக்குக் கண்ணாடியைத் தேடத் தெரியாத கூட்டம், அறுபதாயிரம் வருஷத்து வழியைக் கேட்க முண்டியடித்தது.

மயிலாப்பூர் பத்ரிநாராயணனுக்குக் குண்டு பனிமலையில் நின்றது. “பனியில் புடம்போட்ட வம்சம்!” அன்றிலிருந்து அவர் முதுகு வளையவில்லை. மகள் ஸ்ரீரஞ்சனிக்கு நிச்சயித்த பிரணவுக்கோ, குண்டு பாலைவனத்தில் நின்றுவிட்டது.

“வறண்ட வழி. சம்பந்தம் செய்தால் உங்கள் வம்சமே வற்றும். தங்கத்தில் பாதம் செய்து காணிக்கை வையுங்கள். இல்லையேல் கல்யாணத்தை நிறுத்துங்கள்.”

பத்ரிநாராயணன் நிறுத்துவதென்றே முடிவு செய்து, கடைசியாக ஒரு வார்த்தை கேட்க மனைவி கோமளத்துடன் வந்திருந்தார். அடையாறு பள்ளியில் முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவள். வீட்டில் யாரும் அவளிடம் பூகோளம் கேட்டதில்லை.

“பொண்ணு மூணு நாளா சாப்பிடலை. ஒரு குண்டு ஆடினதுக்கா கல்யாணம் நிக்கணும்?”

“குலப்பெருமைடி! உனக்குப் புரியாது.”

கோமளம் அருளாளரிடம் திரும்பினாள். “குண்டை யார் நடத்தறா?”

“மூதாதையர், தாயே.”

“அப்போ உங்க கண்ணு எதுக்கு?”

கூட்டம் சிரித்தது. அருளாளருக்கு மறுக்க வழியில்லை. கோமளம் துண்டால் அவர் கண்ணைக் கட்டினாள்; சத்தமில்லாமல் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். “எங்காத்துக்காரர் வம்சத்தையே மறுபடி கேளுங்கோ.”

குண்டு பழகிய மூலைக்கே கம்பீரமாக ஆடிப்போய் நின்றது. “பனிமலை!” என்றார் அருளாளர். அங்கே இருந்தது இந்துமாக்கடல்.

“பேஷ்! எங்காத்துக்காரரோட மூதாதையர் திமிங்கிலத்தோட குடித்தனம் பண்ணியிருக்கா!” என்றாள் கோமளம்.

துண்டு அவிழ்ந்ததும் அருளாளரின் செந்தமிழும் அவிழ்ந்தது. “இன்னா மாமி, பொழப்புல மண்ணப் போடுற!”

பத்ரிநாராயணன் வரைபடத்தையே பார்த்தார். “அப்போ... மாப்பிள்ளையோட பாலைவனம்?”

“அங்கேயும் ஒரு காலத்துல மழை பெஞ்சு புல் முளைச்சுது. புல்லைத் தேடி மிருகம் போச்சு, மிருகத்தைத் தேடி மனுஷன் போனான். வறண்டப்போ தண்ணி இருக்கற பக்கமா நடந்தான். அவன் வம்சம்தான் மாப்பிள்ளை. நீங்களும்தான்.”

படியிறங்கும் முன்பே அவர் சம்பந்திக்குப் போன் செய்து, முகூர்த்தத்தில் மாற்றமில்லை என்றார்.

ஆதிமனிதன் வானத்தையும் மண்ணையும் தானே பார்த்து வழி கண்டான். அவன் பேரப்பிள்ளைகளே, அவன் கால்தான் உங்களுக்கு வந்ததா? தலை வரவில்லையா?