லண்டனுக்குப் போன வெறுங்கால்கள் அடிஅண்ணாமலையில் பழகிய வரலாறு

சத்தியம்! கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றிய கதை இது. அந்தப் பொய்யையும் உள்ளது உள்ளபடியே எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் எவ்வளவு உண்மையாகத்தான் இருக்க முடியும்?

அடிஅண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு புறம்போக்குத் திடல் உண்டு. எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் பதினோரு பேர் அதில் புட்பால் ஆடுவார்கள். ஒருநாள் காலை அங்கே ஒரு பலகை முளைத்திருந்தது. 'இத்திடல் வரும் பௌர்ணமி முதல் வாகன நிறுத்துமிடமாகச் செயல்படும் எனப் பொதுமக்கள் மகிழ்ச்சியுடன் அறிக.' மகிழ்ச்சியையும் அவர்களே அடைந்துவிட்டதால் நமக்கு அந்த வேலை மிச்சம்.

அணியின் கேப்டன் சினேகா நேராக என்னிடம் வந்தாள்.

"தாத்தா, பௌர்ணமிக்கு மறுநாள் மாவட்டத் தேர்வு. அதுல ஜெயிச்சாத்தான் ஸ்டேட் டீமுக்கு எங்களை எடுப்பாங்க. எடத்தைப் புடுங்கிட்டா எங்க போய்ப் பழகறது? நீ வந்து பேசு."

"நான் என்னம்மா பேசறது? பந்து உருண்டையா இருக்கும்னு தெரியும், அவ்ளோதான்."

"ஊர்லயே ஜாஸ்தி புளுகறது நீதான். ஒரு நாளாவது அது உபயோகப்படட்டுமே!"

எழுபத்தெட்டு வருஷத்தில் என் திறமையை மதித்து ஒருத்தர் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

'பௌர்ணமி வாகன நிறுத்தம் மற்றும் பாரம்பரியப் பாதுகாப்புப் பிரிவு' என்று ஓர் அலுவலகம். பாரம்பரியத்தைக் காப்பதும் அதன் மேல் காரை நிறுத்துவதும் ஒரே அதிகாரியின் பொறுப்பு. கோப்பு மேசை விட்டு மேசை போகிற தாமதம் இல்லை பாருங்கள். அதிகாரி பெயர் அருள்ராஜ். பக்கத்து மேசையில் எழுத்தர் கஸ்தூரி.

"விளையாட்டுன்னு ஒரு காரணம் எங்க படிவத்துலயே இல்லீங்க பெரியவரே," என்றார் அருள்ராஜ். "பாரம்பரியம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

என் நாக்கில் அரிப்பெடுத்தது.

"இருக்குதுங்களே! நாப்பத்தெட்டுல லண்டன் ஒலிம்பிக்ஸ்ல நம்ம நாட்டு டீம்ல முக்காவாசிப் பேர் வெறுங்கால்லதான் ஆடினாங்க. அது எல்லாருக்கும் தெரியும். வெறுங்கால்ல ஓட எங்க பழகினாங்க? அது யாருக்கும் தெரியாது. நீங்களே யோசிங்க சார். இந்த நாட்டுல ஜனங்க கூட்டங்கூட்டமா வெறுங்கால்ல பதினாலு கிலோமீட்டர் சுத்தற ஊரு எது?"

அருள்ராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டு கண்ணால."

"அப்ப உங்க வயசு?"

"ரெண்டு."

அவர் படிவத்தைப் புரட்டினார். 'நேரில் கண்டவரா: ஆம் / இல்லை' என்று இருந்தது. வயதுக்குக் கட்டம் இல்லை. 'ஆம்' மேல் டிக் அடித்தார்.

"சார், அந்த மேட்ச்ல நாம தோத்துட்டோம்," என்றார் கஸ்தூரி. "ரெண்டு பெனால்டி வீணாப்போச்சு."

புட்பால் தெரிந்த ஆள் அந்த அறையில் இருப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதற்காக விட முடியுமா?

"இங்க பழகினதாலதாம்மா. கிரிவலத்துல மலையைச் சுத்திப் போவமே தவிர, மலைமேல போய் முட்டிக்குவமா? அந்தப் பக்தியில பந்தையும் கோலைச் சுத்தி விட்டுட்டாங்க."

"எழுதுங்க கஸ்தூரி. 'ஆன்மிகக் காரணங்களால் கோல் தவிர்க்கப்பட்டது.'"

"அம்பத்திரண்டு ஒலிம்பிக்ஸ்ல பத்து கோல் வாங்கினமே சார்?"

"'விருந்தோம்பல்'னு போடுங்க."

"அறுபத்திரண்டுல ஷூ போட்டு ஆடித்தான் ஆசியப் போட்டியில தங்கம் வாங்கினாங்க."

"அது நம்ம எல்லைக்குள்ள வராதும்மா. விட்டுடுங்க."

இவ்விதமாக நமது தேசியக் கால்பந்து அணியின் வரலாறு, ஒரு டீ ஆறுவதற்குள் எழுதி முடிக்கப்பட்டது.

ஐந்தே நாளில் பழைய பலகை போய்ப் புதுப் பலகை வந்தது. 'தேசியக் கால்பந்து வெறுங்கால் பாரம்பரியத் திடல். காலணியுடன் பிரவேசிப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.' வண்டி நிறுத்தம் அடுத்த கொல்லைக்கு மாற்றப்பட்டது. "நீ தெய்வம் தாத்தா!" என்றாள் சினேகா. நான் தெய்வமாக இருந்தது அன்று சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான். பிள்ளைகள் பழக வந்தபோது வாசலில் புதுக் காவலாளி கோதண்டராமன் நின்றிருந்தார்.

"ஷூவக் கழட்டிக் குடு பாப்பா."

"ஷூ இல்லாம எப்படிண்ணே? தேர்வுல ஷூ போடலைன்னா உள்ளயே விடமாட்டாங்க."

"நம்ம நாட்டு டீமே போடல. நீ அவங்களைவிடப் பெரிய ஆளா?"

பதினோரு ஜோடியும் அலுவலகத்துக்குப் போயின. அங்கே கண்காட்சி வைக்கப் பொருள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் திடல் வாசலில் கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே அந்தப் பதினோரு ஜோடி. மேலே எழுத்து: '1948. நம் வீரர்கள் அணிய மறுத்த காலணிகள்.' "சார், போன வருஷ விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது," என்றாராம் கஸ்தூரி. "கிழிச்சிடுங்க" என்றாராம் அருள்ராஜ்.

ஓடிப்போய் அவர் எதிரில் கைகட்டி நின்றேன்.

"சார், நான் சொன்னதெல்லாம் பொய். பசங்க ஷூவக் குடுத்துடுங்க."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "பெரியவரே, உங்களுக்கு அப்ப ரெண்டு வயசு. எது நடந்துச்சு, எது நடக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவுமில்லாம, 'நடக்கலை'ன்னு எழுதறதுக்கு எங்ககிட்ட கட்டமே இல்லீங்க."

இதற்குள் விஷயம் ரமணாசிரமம் பக்கம் பரவிவிட்டது. ஒரு காபிக் கடையில் 'வெறுங்கால் விழிப்புநிலை' என்று வகுப்பே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் தினமும் வந்து பெனால்டி அடிக்கும் இடத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வார். கேட்டால், அதிர்வு வருகிறது என்பார். நானும் படுத்துப் பார்த்தேன். வந்தது. கட்டெறும்பு.

பௌர்ணமியும் வந்தது. கிரிவலம் வந்த கூட்டத்தில் பாதி, பலகையைப் பார்த்துத் திடலுக்குள் திரும்பிற்று. வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர்களும், இந்தக் காலத்து வழக்கப்படி ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு சுற்றுகிறவர்களும் சரிசமம். ஷூக்காரர்கள் வாசலில் கழற்றிவிட்டு மூன்று சுற்றுச் சுற்றினார்கள். ஏன் சுற்றுகிறோம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முன்னால் போகிறவர் சுற்றினார், அது போதாதா? குவிந்த காலணியைப் பார்த்துக் கோதண்டராமன் பயந்துபோய், "நீங்கதான் இந்த எடத்துப் பசங்க, இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சினேகா கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சுற்றினேன். அத்தனை பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்ததும், ஒருவேளை நிஜமாகவே நடந்திருக்குமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. திரும்பி வந்தால், நடைப்பயிற்சிக்கென்று மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவைக் காணோம். புண்ணிய ஸ்தலத்தில் செருப்புத் தொலைந்தால் பீடை தொலைந்த மாதிரி என்று திருப்தியோடு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் தேர்வு. டவுனுக்குப் போய்ப் பார்த்தால் எங்கள் பதினோரு பிள்ளைகளும் பதினோரு தினுசு ஷூவில் நிற்கிறார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நடக்க நடக்க விளக்கு எரிகிறது. சினேகாவின் காலில் வெள்ளை. முனையில் துணி திணித்திருந்தாள்.

"அடியே, அது என்னுதுடி!"

"கத்தாத தாத்தா. எங்களுத அவங்க எடுத்தா கண்காட்சி, அவங்களுத நாங்க எடுத்தா திருட்டா? ஓரமா உக்காந்து கை தட்டு."

மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். நாலு பேரை ஸ்டேட் டீமுக்கு எடுத்துக்கொண்டார்கள். 'இவ்வெற்றி முழுக்க முழுக்க வெறுங்கால் பயிற்சியினால் விளைந்தது. ஆகவே அடுத்த ஆண்டு முதல் தேர்வில் காலணியைத் தடை செய்யலாம்' என்று அருள்ராஜ் மேலிடத்துக்குப் பரிந்துரை அனுப்பியிருக்கிறார். மேலிடம் பாராட்டியிருக்கிறது.

அந்தப் பௌர்ணமியில் எங்கள் திடலைச் சுற்றிவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். தேடிக்கொண்டு வரவேண்டாம். உங்களிடம் இருந்தவரை காய்கறிக் கடையைத் தாண்டாத ஷூ, இப்போது ஸ்டேட் லெவலில் ஓடிக்கொண்டிருக்கிறது. வராமல் இருக்க முடியாது என்றால் வாருங்கள், ஆனால் சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். ஓடித் தப்பிக்கிற வயசும் இல்லை, காலில் போட்டு ஓட ஷூவும் இல்லை எனக்கு.