லினக்ஸ் போட்ட மடிக்கணினியும் பேரனின் ஞானஸ்நானமும்

ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தரிடம் கொடுக்கக் கூடாதவை இரண்டு: வேலையில்லாத காலைப்பொழுது, படிமுறையாக எழுதிய வழிகாட்டி. எனக்கு இரண்டும் ஒரே வாரத்தில் கிடைத்தன.

ரொறன்ரோவில் இருக்கும் மகன் அன்ரன், பேரனின் ஞானஸ்நான விருந்தன்று மண்டபத்துப் பெரிய திரையில் எங்களைக் காட்டப்போவதாகச் சொன்னான். பிள்ளையை நாங்கள்தான் முதலில் ஆசீர்வதிக்க வேண்டும். என் மனைவி றீற்றா இதற்கென்றே புதுச்சேலை எடுத்தாள். எங்கள் மடிக்கணினியோ கிழடு. அது கண்விழிப்பதற்குள் ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம்.

"போனிலை கதைப்பம்" என்றாள் றீற்றா.

பெரிய திரைக்குச் சின்னப் போனா? (வேலைபார்த்த கந்தோரில் இப்படி யோசித்துத்தான் வாசலுக்குள் நுழையாத அலுமாரி ஒன்றை வாங்குவித்தேன்.) லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால் பழைய கணினி இளமையாகும் என்று வாசித்து, வழிகாட்டியில் ஒரு வரி விடாமல் பின்பற்றி நிறுவினேன். இளமையாகத்தான் எழும்பியது. ஆனால் தலைகீழாக.

பிடிக்கும் பக்கத்துக்கு ஏற்பத் திரை தானாகத் திரும்பும் வகைக் கணினி அது. லினக்ஸுக்கோ மேல் எது, கீழ் எது என்று பிடிபடவில்லை. கணினியைக் கவிழ்த்துப் பிடித்தேன். படமும் கூடவே திரும்பி மறுபடி கவிழ்ந்தது. மீன்பிடிக்கப் போய்க் கடலால் திரும்பிய றீற்றாவின் தம்பி செபஸ்தியான் வாசலில் நின்று பார்த்தான்.

"அத்தான், என்ன, தோசை சுடுறியளோ?"

"பேசாமல் இரு. ஒழுங்குமுறைப்படி போறன்."

ஒருவாறு, திரை திரும்பாமல் பூட்டும் பொத்தானைக் கண்டுபிடித்துப் பூட்டினேன். பிறகு கணினியைக் கவிழ்த்து, விசைப்பலகை மேலே கூரைபோல் நிற்க, முட்டுக்கொடுத்து வைத்தேன். படம் நேராக நின்றது! செபஸ்தியான்கூடக் கைதட்டினான்.

விருந்து நேரம் மண்டபம் அழகாகத் தெரிந்தது. மருமகள், வீரிட்டு அழுத பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். றீற்றா எழுந்து கையை உயர்த்தினாள். "ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக, ராசா."

பதிலுக்கு வந்தது ஆமென் அல்ல, பெருஞ்சிரிப்பு.

"அப்பா! ஏன் கூரையிலை நிக்கிறியள்?" என்றான் அன்ரன்.

நான் படத்தை நிமிர்த்தியிருந்தேன்; கமராவைக் கவிழ்த்திருந்தேன். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் வௌவால்களாகத் தொங்கினோம். பதறிப்போய்க் கணினியை நிமிர்த்தினேன். அங்கே நாங்கள் நேரானோம். இங்கே பேரன் கவிழ்ந்துவிட்டான்.

"எங்களைப் பாத்தது போதும்! நாங்கள் எப்பிடித் தொங்கினாலும் பரவாயில்லை, எனக்குப் பிள்ளையின்ரை முகம் நேராத் தெரியவேணும்!" என்று றீற்றா அதட்டினாள்.

மறுபடி கவிழ்த்தேன். தொங்கியபடியே ஆசீர்வதித்து முடித்தோம். பேரன் அழுகையை நிறுத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

அன்ரன் அதைப் பதிந்து வைத்து, பிள்ளை சாப்பிட மறுக்கும்போதெல்லாம் போட்டுக் காட்டினானாம். பேரன் நடக்கவும் கதைக்கவும் பழகிய பிறகு மன்னாரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்ற எங்களைச் சந்தேகமாகப் பார்த்தான். "அப்பப்பாவிட்டைப் போ" என்றார்கள், அசையவில்லை. பிறகு எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து, தன் கால்களுக்கு இடையால் எட்டிப் பார்த்து, "அப்பப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

இப்போதும் அவன் அழைக்கும்போது போனைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பேச்சைத் தொடங்குகிறான். அதுவே சரியான நடைமுறை என்று நானும் சான்றுப்படுத்திவிட்டேன்.