கயிறு கட்டிய வாழை

இரண்டாவது வாழையும் சாய்ந்தது. யாகப்பு அதைத் தோளில் தாங்கியபடி மனைவியைக் கூப்பிட்டான்.

"செபஸ்தி, அந்தக் கயித்தை எடு."

"எந்தக் கயிறு?"

"வள்ளத்துக் கயிறு. பாய்மரத்தை நிப்பாட்டின எனக்கு உது பெரிய வேலையே?"

கடலுக்குப் போகத் தடை வந்ததிலிருந்து வள்ளம் குருநகர்க் கரையில் கவிழ்ந்து கிடந்தது. பழரசக் கொம்பனிக்குப் பழைய போத்தல் கழுவிக் கொடுத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இப்போது கொம்பனி ஒரு நிபந்தனை போட்டுவிட்டது. போத்தல் கழுவும் சவர்க்காரத் தண்ணீர் யாருடைய கிணற்றுப் பக்கமும் போகக்கூடாது. வாழைப் பாத்திக்குப் போகவேண்டும். பாத்தி இல்லாத வீட்டுக்குப் போத்தல் வராது. பார்க்க இன்றைக்கு ஆள் வருகிறது.

யாகப்புவுக்கு மீனைத் தெரியும், வாழையைத் தெரியாது. வண்ணார்பண்ணையில் ஒரு கலியாண வீட்டு வாசலில் கட்டிய குலைவாழை இரண்டைக் கழற்றி ஒழுங்கையில் போட்டிருந்தார்கள். கேட்டான், கொண்டுபோ என்றார்கள். வெட்டிய மரத்தை மண்ணில் கிடங்கு தோண்டி வைத்தால் நின்றுவிடும் என்று நம்பினான்.

முளை அடித்து, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியதும் இரண்டும் நின்றன.

"வாழையை ஏன் மாடு மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டால்?" என்றாள் செபஸ்தியம்மா.

"உடுப்பைக் காயப்போடு. கயிறு கொடியாப் போயிடும்."

அவள் சாரம், சட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் போட்டாள். கயிறு மறைந்தது. வாழையும் மறைந்தது.

அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் வந்து நின்றது. கொம்பனியின் துரைசிங்கம், புத்தூர்த் தோட்டக்காரன். பின் கரியரிலிருந்து ஒரு இளம்பெண் இறங்கினாள்.

"என்ரை மனிசி. ஒரு இடத்துக்குப் போற வழி. பாத்தி எங்கை, அண்ணை?"

"உந்தச் சாரத்துக்குப் பின்னாலை, ஐயா."

துரைசிங்கம் சாரத்தை விலக்கினான். குலையைத் தொட்டுப் பார்த்தான்.

"நல்ல குலை. மரம் வைச்சு எவ்வளவு காலம்?"

"மூண்டு வருசம். பிள்ளை மாதிரி வளக்கிறம்."

"மூண்டு வருசமாக் குலை போடாமலே நிண்டது?"

"கூச்ச சுபாவம், ஐயா."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பக்கத்திலை வாழைக்குட்டி ஒண்டையும் காணேல்லை?"

"அயலுக்குக் குடுத்திட்டம்," என்று செபஸ்தியம்மா முந்திக்கொண்டாள்.

"ஆருக்கு?"

"கேட்ட எல்லாருக்கும்."

"சரி, ஒரு வாளி தண்ணி ஊத்துங்கோ. ஓட்டத்தைப் பாப்பம்."

யாகப்பு ஊற்றினான். தண்ணீர் வாய்க்கால் வழியே அழகாக ஓடிப் பாத்தியில் நின்றது. மண் இளகியது. முளை கழன்றது. சாரமும் சட்டையுமாக மரம் மெல்லத் துரைசிங்கத்தின் தலைக்கு மேல் சாய்ந்தது. யாகப்பு பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தான். அடுத்த மரம் மற்றப் பக்கம் விழுந்து, கத்தி பட்ட அடியைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"வெட்டின மரம், ஐயா," யாகப்பு பிடியை விடாமலே சொன்னான். "கலியாண வீடொண்டிலை கேட்டு வாங்கினது. போத்தலை நிப்பாட்டிப் போடாதேங்கோ. கடலும் இல்லை, உதுவும் இல்லையெண்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

துரைசிங்கம் விழுந்த மரத்தின் அடியைத் தடவிப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"கிடங்கு சரி, வாய்க்காலும் சரி. மரம்தான் பொய். நாளைக்கு வேரோடை நாலு குட்டி கொண்டுவாறன், கயிறில்லாமல் நடுவம். அதுவரைக்கும் தண்ணி கிணத்துப் பக்கம் போகாமல் பாருங்கோ, அண்ணை. போத்தல் வரும்."

செபஸ்தியம்மா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஐயாவுக்குக் கோவம் இல்லையோ?"

அவன் சைக்கிளைத் திருப்பினான். அதுவரை வாய் திறக்காத அந்தப் பெண் கரியரில் ஏறி இருந்துகொண்டு சொன்னாள்:

"அக்கா, குலையைப் பழுக்கப் போடுங்கோ, நல்ல இதரைப் பழம். முந்தநாள் எங்கடை கலியாண வாசலுக்கெண்டு இவரே தன்ரை தோட்டத்திலை வெட்டிக்கொண்டு வந்த மரம் உது."