பாவுக்குப் போட்ட கஞ்சி

ணங்... ணங்... ணங்.

விளக்கு வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கொல்லைப்பக்கப் பொடக்காளியில், தறிக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தது சத்தம். தறிக்காரர் அர்த்தநாரி காதைத் தீட்டிக்கொண்டார். அங்கேதான் மூட்டை இருந்தது.

சாதாரண மூட்டையா? பாலர் மையத்துப் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி காய்ச்சச் சர்க்கார் அனுப்பிய மக்காச்சோள மாவு. மையத்துக்கு அவர்தான் தலைவர். தறி நூலுக்கு விறைப்பேற்ற மாவு வாங்கிக் கட்டுப்படியாகாமல் அவர் தவித்த நேரத்தில், தெய்வமே அனுப்பியதுபோல் வந்து இறங்கியது. 'கஞ்சிக்கு' என்றுதானே கொடுத்தார்கள்? வயிற்றுக்குப் போட்டாலும் கஞ்சி, பாவு நூலுக்குப் போட்டாலும் கஞ்சி!

"மாவு வரலே" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மகள் வள்ளியும் வெறும் தம்ளரோடு திரும்பி வந்ததுதான் கொஞ்சம் உறுத்தல்.

மனைவி சாரதாமணியிடம் மத்தியானமே கிசுகிசுத்திருந்தார். "மூட்டையப் பிரிச்சுக் கஞ்சி காச்சு புள்ள. பொழுது சாஞ்சதும் போட்டரலாம்."

"ஆகட்டுமுங்க."

ணங்... ணங்.

அதிகாரி யாராவது வந்துவிட்டானோ? சுவரைத் தடவிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தார்.

வரிசையாகப் பிள்ளைகள். ஆளுக்கொரு அனுப்பர்பாளையத்துப் பித்தளைத் தம்ளர். அதைத் தரையில் தட்டுகிற சத்தம்தான். பின்னால் அம்மாக்கள். நடுவில் அண்டாவும் அகப்பையுமாகச் சாரதாமணி. முதல் ஆளாக வள்ளி, வாயெல்லாம் கஞ்சி.

"என்ன புள்ள பண்றே?"

"நீங்கதானுங்களே கஞ்சி போடச் சொன்னீங்க?"

"அடி, அது பாவுக்கு..." சற்று உரக்கவே வந்துவிட்டது.

எதிர்வீட்டுக் குப்பாயி எழுந்தாள். "தலைவருங்க என்னமோ சொன்னாருங்களே. எதுக்குங்க?"

அர்த்தநாரி மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்குத் தெருவில் தலைகாட்ட முடியாது.

"பாப்பாவுக்குன்னு சொல்றாருங்க அக்கா," என்றாள் சாரதாமணி. "பாப்பாவுக்கெல்லாம் இன்னொரு கரண்டி ஊத்தோணுமாமா. மையத்துல அடுப்பு புகையுதுன்னு, இனித் தெனமும் நம்மூட்டுலயே காச்சச் சொல்லிட்டாருங்க. இல்லீங்களா?"

அத்தனை கண்களும் அவர்மேல்.

"ஆ... ஆமாங்க," என்றார்.

"நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி!" குப்பாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

எல்லோரும் போனதும் சாரதாமணி மூட்டையைச் சமையலறைக்கு இழுத்தாள். அர்த்தநாரி பின்னாலேயே ஓடினார்.

"ஒரு படியாவது குடு புள்ள. பாவு அப்படியே கெடக்குது."

"கெடக்கட்டுமுங்க. பாவு பசிச்சு அழுவாதுங்க."

"சரி, எனக்கு ராச்சோறு?"

"உங்க பங்கையுந்தான் இன்னொரு கரண்டின்னு ஊத்தச் சொல்லிட்டீங்களே," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வள்ளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.