வியாழக்கிழமை வல்லாரை

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
21 ஆகஸ்டு 1934

கிள்ளானில் இருக்கும் என் அருமைத் தம்பி ரபேலுக்கு உன் அக்காள் வெரோனிகா மாதாவின் பெயரால் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும் என்பதால் உள்ளதை எழுதுகிறேன். உன் மச்சானுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. நான் அதைப் போகவிடப் போவதில்லை.

முதலில் வீட்டுச் சாவி காணாமல் போனது. கட்டிலடி, கிணற்றடி, மாதா படத்தின் பின்புறம் எல்லாம் தேடி, கடைசியில் உலைக்கு அரிசி அளக்கப் போனால் அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. நான் வாய் திறப்பதற்கு முன்பே, "நான்தான் வச்சேன் வெரோனிகா, மறந்துட்டேன்" என்றார். மறுவாரம் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அதற்கும் "நான்தான் டப்பாவ மாத்தி வச்சேன்" என்றார். போன மாதம் ஒரு நாள் இருவரும் குளித்து, வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போய் நிற்கிறோம், கதவு பூட்டியிருக்கிறது, பூசை இல்லை, பாட்டு இல்லை, ஏனென்றால் அன்று சனிக்கிழமை. "நான்தான் ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டேன்" என்று தலையைச் சொறிகிறார். இங்கேதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது தம்பி. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தும் ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத மனுஷன் அவர். அவர் கார்டாகப் போன ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால்கூட கடிகாரத்தைத்தான் குறை சொல்லுவார். அப்படிப்பட்டவர் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறார் என்றால் மூளை கலங்கியதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இந்தக் கோயில் சங்கதி என் மகள் உர்சுலாவின் காதுக்கு எட்டிவிட்டது. சிரம்பானிலிருந்து ஓடிவந்தாள். "அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்மா. என் வீட்டுல ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. நீங்க கிள்ளான்ல மாமாகிட்ட இருங்க. கிறிஸ்துமஸுக்கு வந்து பாத்துட்டு முடிவு பண்ணிடுவேன்" என்றாள். உன் வீட்டில் எனக்குக் குறை வராது என்று தெரியும். ஆனால் அவர் ஒரு ஊரில், நான் ஒரு ஊரில் என்றால் அது எனக்கு வேண்டாம். இரவில் குறட்டை கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது, போதுமா? ஆகவே கிறிஸ்துமஸுக்குள் அவர் ஞாபகத்தைப் பழையபடி மீட்டுக் காட்டுவேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் வேலாயுதத்தைப் பார்த்தேன். "அக்கா, மூளையும் ஒடம்புதானே? தீட்டுன வெள்ளை அரிசிய நிறுத்துங்க. கீரை, சின்ன மீன், பயறு குடுங்க. டின் பாலக் கொறைங்க. தெனம் நடக்க விடுங்க, மூளைக்கும் ஏதாச்சும் வேலை குடுங்க. போனது வருமோ என்னமோ, இருக்கறதக் காப்பாத்தலாம்" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் பாசார் சந்தைக்குப் போய் நெல்லும் உரலும் உலக்கையும் வாங்கிவிட்டேன். பலகை வீட்டில் நெல் குத்தினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாலாவது குத்தில் பக்கத்து வீட்டு வள்ளியம்மா சுவரிலிருந்த முருகன் படம் விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். "ஏன்க்கா, ஒங்க மாதாவுக்கும் எங்க முருகனுக்கும் என்ன சண்டை?" கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். இப்போது வெளியே மண் தரையில் உரலை வைத்துக் குத்துகிறேன், அவளும் ஒரு கை பிடிக்கிறாள், பாதி அரிசி அவளுக்குப் போகிறது.

வல்லாரைத் துவையல்தான் பெரிய போராட்டம். உன் மச்சான் ஒரு வாய் தின்றுவிட்டு, "நீ எவ்ளோ திங்கிறியோ நானும் அவ்ளோதான்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். கசப்பைப் பார்க்காமல் நானும் அதே அளவு தின்கிறேன். லேக் கார்டனில் நடக்கப் போங்கள் என்றால், "நீ வந்தாத்தான் போவேன்" என்கிறார். என் முழங்கால் கதறுகிறது, ஆனாலும் போகிறேன். நோய் அவருக்கு, பத்தியம் எனக்கு. டின் பாலை அவர் ஒளித்து வைத்தார், நான் கண்டுபிடித்தேன். அல்லது நான் ஒளித்து வைத்ததை அவர் கண்டுபிடித்தார். எப்படியோ டின் காலி.

மூளைக்கு வேலை என்று வேலாயுதம் சொன்னான் அல்லவா? தினம் மாலை விளக்கேற்றி ஜெபம் முடிந்ததும் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லச் சொல்கிறேன். கார்டு வேலையில் அந்தப் பாதையில் இருபது வருஷம் பச்சைக் கொடி காட்டியவர். நம் அப்பா தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ரொட்டிப் பொட்டலம் எறிவார், அதை நீ பிடுங்கிக்கொண்டு ஓடுவாய், ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்டவர் முதல் நாள் பத்து தீகாவை விட்டுவிட்டார். உடனே பிடித்தேன். இரண்டு நாள் கழித்துப் பாடாங் ஜாவாவை விட்டார். அதையும் பிடித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னார்.

இப்போது நல்ல செய்தி. கடந்த மூன்று மாலையாக ஒரு பிழை இல்லை! கோலாலம்பூர், பெட்டாலிங், பத்து தீகா, பாடாங் ஜாவா, கிள்ளான் என்று ஒரே மூச்சில் சொல்கிறார். வல்லாரை வேலை செய்கிறது தம்பி. ஆனால் நான் விடுவதாக இல்லை. உன் வீட்டு வாய்க்கால் ஓரத்தில் அது காடாய் மண்டிக்கிடக்கிறதே, வியாழக்கிழமைதோறும் ஒரு கட்டு, ஈரத்துணியில் சுற்றிக் காலை வண்டி கார்டிடம் கொடுத்துவிடு. கிறிஸ்துமஸுக்கு நீயும் இங்கே வந்து, மச்சானுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று உர்சுலாவிடம் சாட்சி சொல்ல வேண்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். நீயும் கீரை தின்னு. உனக்கும் ஐம்பது ஆகிறது.

உன் நன்மைக்காக மாதாவை மன்றாடும் அக்காள்,
வெரோனிகா

பி.கு. கவரை ஒட்டித் தபாலில் போடும் வேலையை உன் மச்சானிடமே கொடுக்கிறேன். அதுவும் மூளைக்கு வேலைதானே. கடிதம் வந்து சேர்ந்தால் அவர் தேறிவிட்டார் என்று தெரிந்துகொள்.

மாப்பிள்ளை ரபேலுக்கு உன் மச்சான் பேசில் எழுதுவது. கவரை ஒட்டுவதற்கு முன் இதைச் சேர்க்கிறேன். சாவியை அரிசி டின்னில் போட்டது நானல்ல. காப்பியில் உப்பு போட்டதும் நானல்ல. ஞாயிற்றுக்கிழமை என்று என்னை எழுப்பிக் கிளப்பியதும் உன் அக்காள்தான். பத்து தீகாவையும் பாடாங் ஜாவாவையும் வேண்டுமென்றேதான் விட்டேன். அவள் பிடித்த அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்கியது. இந்த மூன்று மாலையும் சுங்கை வேயை விட்டுவிட்டுச் சொன்னேன். அவள் பிடிக்கவில்லை. மேலே அவள் கைப்பட எழுதியிருக்கும் வரிசையிலும் அது இல்லை, பார். அவள் வளர்ந்த ஸ்டேஷன், நான் ரொட்டி எறிந்த ஸ்டேஷன்.

உர்சுலாவுக்குத் தெரியவேண்டாம். கிறிஸ்துமஸ் அன்று நான் ஆறு ஸ்டேஷனையும் முன்னும் பின்னுமாக ஒப்பித்துக் காட்டுவேன், உர்சுலா தனியாகவே சிரம்பானுக்கு வண்டி ஏறுவாள். அதுவரை மறதிக்காரன் என்ற பெயர் என்னிடமே இருக்கட்டும். நான் மறதிக்காரனாக இருந்தால்தான் அவள் எனக்காக வல்லாரை தின்பாள், நடப்பாள். தனக்காக என்றால் ஒரு வாய் தின்னமாட்டாள், உனக்குத் தெரியாதா?

வல்லாரையை இரண்டு கட்டாக அனுப்பு. நாளை மாலையும் சுங்கை வேயை விட்டுத்தான் சொல்வேன். அவள் பிடிக்கும்வரை தினமும் விடுவேன்.