திரையில் தெரிந்த ஊக்கு

மரியாதை அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை என் தொப்பை வழியாக ஒரு ஜெர்மானியருக்கு விளக்கிக் காட்டியவன் நான்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் எனக்கு அது ஆறாவது மாதம். வேலை நிரந்தரமா, மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் ஆனேக்கல்லுக்கே திரும்புவதா என்று எங்கள் மேனேஜர் சரளா மேடம் அந்த வாரம்தான் எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை முதலில் ஏறியவன் நான். ஆபீஸ் நாகரிகம் என்று அப்பா சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "பெரியவங்க வந்தா எழுந்து நில்லுடா. உக்காருன்னு சொல்ற வரைக்கும் உக்காராத." (மேஸ்திரி முன்னால் முப்பது வருடம் நின்ற அனுபவசாலி.)

அன்று வீடியோ மீட்டிங். அவரவர் இடத்தில், அவரவர் லேப்டாப் முன்னால். வாடிக்கையாளர் கம்பெனியின் டைரக்டர், நரைத்த தலையும் கோட்டுமாக ஜெர்மனியிலிருந்து திரையில் தோன்றினார். நான் விறைப்பாக எழுந்து நின்றேன். என் கட்டத்திலிருந்து முகம் மேலே போய்விட்டது. மிச்சம் தெரிந்தது வயிறும், அறுந்துபோன பொத்தானுக்குப் பதிலாக நான் குத்தியிருந்த ஊக்கும்.

பக்கத்து சீட் மஞ்சுநாத் கன்னடமும் தமிழும் கலந்து பல்லைக் கடித்தான். "ஏ குரு, கூத்கோ! உக்காருடா, மானம் போகுது!"

"அவரு இன்னும் சொல்லலையே."

"அவருக்கு உன் மூஞ்சியே தெரியல மச்சா!"

பத்து நிமிடம் நின்றேன். (உள்ளூரப் பெருமை வேறு.) டைரக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஊக்கு யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் வேலை கிழியும் சத்தம் எனக்கே கேட்டது.

சரளா மேடம் தன் கேபினில் எழுந்து நின்றார். "அவர் முருகேசன். பெரியவர்களை எழுந்து வரவேற்பது எங்கள் ஊர் வழக்கம். நாங்கள்தான் மறந்துவிட்டோம்" என்றார் ஆங்கிலத்தில், இன்னொரு கரண்டி சட்னி கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. மஞ்சுநாத் எழுந்தான். பிறகு எல்லோரும். திரை முழுக்க வயிறுகள்.

நெகிழ்ந்துபோன டைரக்டரும் எழுந்தார். கோட்டுக்குக் கீழே பூப்போட்ட அரைக்கால் சட்டை! முதலில் சிரித்தவரும் அவர்தான்.

மீட்டிங் முடிந்து மேடம் என் இடத்துக்கு வந்தார். எழுந்தேன். (பட்டும் திருந்தாத ஜென்மம்.)

"உக்காருப்பா. ஒரு பொத்தான் மட்டும் தெச்சுக்கோ."

வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதம் வந்தது. சேர்ந்த புதிதில் கைகுலுக்குவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். மேடம் அன்று செய்ததை எந்த வகுப்பிலும் எடுக்கவில்லை.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு. இப்போது நான் வீடியோ கால் போட்டாலே, "சார் வந்துட்டாரு, எந்திரிங்க!" என்று தங்கை கத்துகிறாள். குடும்பமே எழுந்து நிற்கிறது. எனக்குத் தெரிவது அப்பாவின் லுங்கி முடிச்சு மட்டும்தான். "உக்காருங்கப்பா" என்று நான் கெஞ்சும்வரை அவர் உட்காருவதே இல்லை.